காலை எங்கே வைப்பது? ட்ரவுட் ஆற்றில் கரையும் படகும்

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

நேயர் ஒருத்தர் அனுப்பின கேள்வியில இருந்து இன்னைக்கு ஆரம்பிக்கலாம். "அமெரிக்க மீன்பிடி வீடியோ நிறைய பார்க்கிறேன். சிலர் ஆத்துக்குள்ள இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு தூண்டில் வீசுறாங்க. சிலர் படகுல மிதந்துக்கிட்டே வீசுறாங்க. ரெண்டும் அதே ஆறு, அதே ட்ரவுட் மீன். எது உசத்தி?"

பார்க்க சின்னக் கேள்விதான். நானும் ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிடலாம்னு நினைச்சேன். நிக்கிறவர் பொறுமைசாலி, மிதக்கிறவர் வசதிக்காரர், அவ்வளவுதானேன்னு தோணுச்சு. உள்ள போகப் போகத்தான் தெரிஞ்சது, இதுல இயற்பியல் இருக்கு, மீனோட கண்ணு இருக்கு, நிலத்துக்கு யார் சொந்தக்காரர்ங்கிற வழக்கு இருக்கு, ஒரு முட்டையோட உயிர்கூட இருக்கு. எல்லாமே கடைசியில ஒரே விஷயத்துல வந்து நிக்குது: உங்க கால் எங்க இருக்கு? ஆத்துத் தரையிலயா, படகுப் பலகையிலயா?

பேச்சு காத்துல போயிடாம இருக்க ஒரு ஆறு வேணும். மான்டனா மாநிலத்தோட மேடிசன் ஆறை எடுத்துக்கலாம். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள்ள ஃபயர்ஹோல், கிப்பன்னு ரெண்டு ஆறு சேர்ந்து மேடிசன் ஆகுது. 1959 ஆகஸ்ட்ல ஒரு பெரிய நிலநடுக்கம். மலை சரிஞ்சு ஆறை அடைச்சதுல ஒரு ஏரியே உருவாச்சு, அதுக்குப் பேரு குவேக் லேக். அங்கிருந்து எனிஸ்ங்கிற சின்ன ஊர் வரைக்கும் ஆறு பாறைகள் மேல சலசலன்னு ஒரே ஓட்டமா ஓடும். அந்த ஊர்ப்பக்கம் இதை "ஐம்பது மைல் சலசலப்பு"ன்னே சொல்வாங்க. கரையில நிக்கிறவங்களும் படகுல போறவங்களும் ஒருத்தர் கண்ணுல ஒருத்தர் பட்டுக்கிட்டே இருக்கிற ஆறு இது.

மீன் எங்க உட்கார்ந்திருக்கு?

முதல்ல மீனைப் புரிஞ்சுக்கணும். ட்ரவுட் குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைஞ்ச தண்ணியில வாழுற மீன். ஓடுற தண்ணியில நாள் பூரா எதிர்நீச்சல் போட்டா அதுக்குக் கட்டுப்படியாகாது, சாப்பிடுறதைவிட செலவு அதிகமாயிடும். அதனால அது வேகமான நீரோட்டத்துக்குப் பக்கத்துல, மெதுவா ஓடுற ஒரு மூலையில உட்கார்ந்துக்கும். பாறைக்குப் பின்னாடி, பாறைக்கு முன்னாடி இருக்கிற சின்ன மெத்தை மாதிரியான இடம், கரையோரப் பள்ளம், வேகத் தண்ணியும் மெதுத் தண்ணியும் உரசுற கோடு, இதெல்லாம் அதோட இடங்கள்.

கல்யாணப் பந்தி ஞாபகம் வருதா? நாம இலை முன்னாடி உட்கார்ந்திருப்போம். பரிமாறுறவங்க வாளியைத் தூக்கிக்கிட்டு வரிசையா வருவாங்க. நாம எழுந்து ஓட வேண்டியதில்ல, கையை நீட்டினா போதும். ட்ரவுட் பண்றதும் அதுதான். வேகத் தண்ணி பூச்சிகளைக் கொண்டு வரும். மீன் தன் இடத்துல இருந்து ஒரு அடி நகர்ந்து வாயைத் திறந்துட்டு மறுபடி இடத்துக்கு வந்துடும். எப்பவும் மேல்நோக்கி, அதாவது தண்ணி வர்ற திசையைப் பார்த்துத்தான் இருக்கும். இந்த ஒரு தகவலை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி உதவும்.

மேடிசன்ல இன்னொரு விசேஷம், நல்ல மீன்கள் பல நேரம் நடு ஆத்துல இருக்காது. கரையிலிருந்து ரெண்டு மூணு அடிக்குள்ள, முழங்கால் ஆழத்துலயே இருக்கும். புதுசா வர்றவங்க செய்யுற முதல் தப்பே இங்கதான். வேடர்ஸ் மாட்டின உற்சாகத்துல நேரா தொடையளவு தண்ணிக்குள்ள இறங்கி நடு ஆத்தைப் பார்த்து வீசுவாங்க. அவங்க பிடிக்க வந்த மீன் அவங்க நடந்து வந்த பாதையில இருந்திருக்கும். வேடர்ஸ்னா கால்சட்டையும் காலுறையும் ஒண்ணாச் சேர்ந்த, நெஞ்சு வரைக்கும் வர்ற நீர்புகாத உடுப்பு.

பூச்சி பொய் சொல்லக் கூடாது

இங்க பிடிக்கிற முறை ஃப்ளை ஃபிஷிங். மண்புழுவோ மீன் துண்டோ கிடையாது. ஒரு சின்ன முள்ளுல இறகு, ரோமம், நூல் சுத்தி, பார்க்கப் பூச்சி மாதிரியே செஞ்ச பொம்மைதான் இரை. அதுக்கு எடையே கிடையாது. அதனால தடிமனான லைனோட எடையை வெச்சுத்தான் அதை வீசணும். நீங்க வீடியோல பார்க்கிற அந்த அழகான முன்னும் பின்னுமான வீச்சுக்குக் காரணம் இதுதான்.

வீசியாச்சு, பூச்சி தண்ணியில விழுந்தாச்சு. இப்பதான் பிரச்சினை ஆரம்பிக்குது. நிஜப் பூச்சி தண்ணியோட வேகத்துலயே மிதந்து வரும். உங்க பூச்சி ஒரு லைன்ல கட்டியிருக்கு. லைனோட இன்னொரு முனை உங்க கையில. நீங்க நிக்கிறீங்க, தண்ணி ஓடுது. உங்களுக்கும் மீனுக்கும் நடுவுல ஒரு வேக ஓட்டம் இருந்தா, அது லைனோட வயித்தைப் பிடிச்சு வில் மாதிரி வளைச்சு இழுக்கும். ரெண்டு மூணு விநாடியில பூச்சி தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு பக்கவாட்டுல ஓடும். எந்தப் பூச்சியும் அப்படி ஓடாது. மீன் ஒரு பார்வை பார்க்கும், அவ்வளவுதான். மீன்பிடிக்கிறவங்க இதுக்கு வெச்ச பேரு டிராக். நாம "இழுப்பு"ன்னு சொல்லிக்கலாம்.

கரையில நிக்கிறவரோட திறமை முழுக்க இந்த இழுப்போட நடக்கிற சண்டைதான். லைன் தண்ணியில விழுந்ததும் கோல் நுனியை ஒரு சுழற்று சுழற்றி, லைனோட வளைவை மேல்பக்கமாத் தூக்கிப் போடுவார். கோலை உயர்த்திப் பிடிச்சு நடு ஓட்டத்துல லைன் படாம பார்த்துக்குவார். முக்கியமா, கிட்டப் போவார். தூரம் குறைஞ்சா தண்ணியில கிடக்கிற லைன் குறையும், இழுப்பும் குறையும்.

இப்ப படகுக்கு வாங்க. படகும் ஓடுது, பூச்சியும் ஓடுது. ரெண்டும் ஒரே வேகத்துல போனா இழுப்பே இல்ல. எலெக்ட்ரிக் ட்ரெயின்ல உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துத் தண்டவாளத்துல இன்னொரு ட்ரெயின் அதே வேகத்துல வந்தா, அதுல இருக்கிற ஆள் அசையாம நிக்கிற மாதிரி தெரியுமே, அதேதான். கரையில நிக்கிறவருக்கு அஞ்சு விநாடி நல்ல மிதப்பு கிடைச்சாலே பெரிய விஷயம். படகுல இருக்கிறவருக்கு அந்தப் பூச்சி கரையோரமா ரொம்ப தூரத்துக்கு, பாறை பாறையா, இயல்பா மிதந்துக்கிட்டே வரும். படகு தர்ற பெரிய வரம் இதுதான். உட்கார்ந்துக்கிட்டுப் போகலாம்ங்கிறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

துடுப்புக்காரர் என்ன பண்றார்?

ஆனா இந்த வரம் சும்மா கிடைக்கிறதில்ல. படகு போறது நடு ஓட்டத்துல, அங்க வேகம் அதிகம். பூச்சி போறது கரையோர ஓட்டத்துல, அங்க வேகம் கம்மி. படகைச் சும்மா விட்டா அது பூச்சியை முந்திடும், இழுப்பு திரும்ப வந்துடும். அதனால நடுவுல உட்கார்ந்திருக்கிறவர் நாள் பூரா பின்னோக்கித் துடுப்பு வலிச்சு, படகோட வேகத்தைப் பூச்சியோட வேகத்துக்குக் குறைச்சுக்கிட்டே இருக்கணும். முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர் மீன் பிடிப்பாங்க. உண்மையில மீனைப் பிடிச்சுக் கொடுக்கிறது பாதிக்கு மேல நடுவுல இருக்கிறவர்தான்.

இதுக்குன்னே உருவான படகுதான் டிரிஃப்ட் போட். ஒரிகன் மாநிலத்தோட மெக்கன்சி ஆத்துல, 1920களில இருந்து 40கள் வரைக்கும் அந்த ஊர் வழிகாட்டிகளும் படகு கட்டுறவங்களும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்திச் செஞ்சு கண்டுபிடிச்ச வடிவம் இது. ப்ளைவுட் வந்தப்புறம் எடை குறைஞ்சது. இன்னைக்கு ஃபைபர் கிளாஸ், அலுமினியம் எல்லாத்துலயும் வருது, வடிவம் மட்டும் பெருசா மாறல.

அடிப்பாகம் தட்டை. முன்னும் பின்னும் வாழைப்பழம் மாதிரி மேல வளைஞ்சிருக்கும். பக்கச் சுவர்கள் வெளிப்பக்கம் சாய்ஞ்சிருக்கும். தட்டையா இருக்கிறதால ரொம்பக் கம்மியான ஆழத்துலயும் மிதக்கும். வளைஞ்சிருக்கிறதால தண்ணியில நல்லாப் பதியறது நடுப்பகுதி மட்டும்தான், ஒரு துடுப்பு அசைவுல படகு பம்பரம் மாதிரி திரும்பிடும். ஒகேனக்கல்ல பரிசல்ல போயிருந்தீங்கன்னா தட்டை அடிப்பாகத்தோட அருமை தெரியும்.

ஓட்டுற முறைதான் இன்னும் சுவாரசியம். வழக்கமா துடுப்பு வலிக்கிறவர் போற திசைக்கு முதுகைக் காட்டி உட்காருவார். இங்க தலைகீழ். முகம் கீழ்நோக்கி, ஆபத்தைப் பார்த்தபடி இருக்கும். வலிக்கிறது மேல்நோக்கி. எதிர்ல பாறை வருதா? படகோட மூக்கைப் பாறைப் பக்கம் சாய்ச்சு வெச்சுட்டு, எதிர்ப்பக்கம் பின்னோக்கி வலிக்கணும். பாறையை நோக்கித் திரும்பி, பாறையில இருந்து விலகிப் போறது. முதல் நாள் கத்துக்கிறவங்க கை இதை நம்பவே மாட்டேங்கும்.

மீனோட ஜன்னல்

அப்போ படகுதான் ஜெயிச்சுதா? இருங்க. படகோட பெரிய பலவீனம் அதோட பலத்துக்குள்ளயே இருக்கு. அது நிக்காது. ஒரு நல்ல பாறை வருது. உங்களுக்கு ஒரு வீச்சு, மிஞ்சிப்போனா ரெண்டு. தப்பா விழுந்ததா? போச்சு, திரும்பி வர முடியாது. ஒரு நாள்ல பத்து மைல் அளவு ஆத்தைப் பார்த்துட்டு வரலாம், ஆனா அந்தப் பத்து மைல்ல ஒரு இடத்தையாவது தெரிஞ்சுக்கிட்டோமான்னு கேட்டா பதில் இருக்காது. பஸ்ல ஜன்னல் ஓரமா உட்கார்ந்து ஊர் பார்க்கிறதுக்கும், இறங்கித் தெருவுல நடக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்.

நிக்கிறவருக்கு நேரம் இருக்கு. மீன் எந்த இடைவெளியில மேல வருது, எந்தப் பூச்சியைத் தின்னுது, எந்தப் பக்கம் திரும்புதுன்னு பத்து நிமிஷம் சும்மா பார்க்கலாம். தப்பா விழுந்தா அடுத்த வீச்சு. முன்னாடி ஒரு தகவல் சொன்னேனே, மீன் மேல்நோக்கிப் பார்க்கும்னு? நடக்கிறவர் கீழ இருந்து மேல நோக்கி, அதாவது மீனோட முதுகுப் பக்கமா வர முடியும். படகு மேல இருந்து மீனோட முகத்துக்கு நேரா வந்து இறங்குது.

மீன் எதைப் பார்க்கும்ங்கிறதுக்கு ஒரு கணக்கும் இருக்கு. ஒளி தண்ணிக்குள்ள நுழையும்போது வளையும்னு பத்தாவது இயற்பியல்ல படிச்சிருப்போம். அதனால தண்ணிக்குள்ள இருக்கிற மீனுக்கு வெளி உலகம் முழுசும் தலைக்கு மேல ஒரு வட்ட ஜன்னல் வழியாத்தான் தெரியும். அந்த ஜன்னலோட கோணம் ஏறத்தாழ 97 டிகிரி. மீன் ஒரு மீட்டர் ஆழத்துல இருந்தா ஜன்னலோட அகலம் சுமார் 2.3 மீட்டர். வானம், மரம், கரை, நீங்க எல்லாமே அதுக்குள்ள சுருங்கி அடங்கணும். அடிவானத்துக்குப் பக்கத்துல தாழ்வா இருக்கிற எதுவும் ஜன்னலோட ஓரத்துல நசுங்கி, தெளிவில்லாமத்தான் தெரியும். உயரமா இருக்கிறது நல்லாத் தெரியும்.

இப்ப கணக்குப் போடுங்க. தண்ணிக்குள்ள தொடையளவுல நிக்கிறவரோட உயரத்துல பாதி தண்ணிக்கு அடியில போயிடுது. படகுல எழுந்து நிக்கிறவர் மேடையில நிக்கிற மாதிரி. அதனால படகுக்காரர் தூரமா வீச வேண்டியிருக்கும், நிக்கிறவர் கிட்டப் போகலாம். ஆனா நிக்கிறவருக்கும் ஒரு எதிரி உண்டு, அது அவரோட காலடிச் சத்தம். மீனோட உடம்புப் பக்கவாட்டுல ஓடுற உணர்கோடு தண்ணியில ஏற்படுற அதிர்வைப் பிடிச்சிடும். கல்லு மேல கல்லு உரசினா போதும், மீன் போயிடும்.

கால் பட்டா குற்றமா?

இதுவரைக்கும் பேசினது திறமை. இனி பேசப்போறது உரிமை. கரையா படகாங்கிற கேள்விக்குப் பல இடத்துல பதில் சொல்றது மீன்பிடிக்கிறவர் இல்ல, நீதிமன்றம்.

மான்டனாவுல ரெண்டு ஆறுகளைப் பத்தின வழக்குகள், டியர்போர்ன் ஆறும் பீவர்ஹெட் ஆறும், 1984ல மாநில உச்ச நீதிமன்றத்துல தீர்ந்தது. அடுத்த வருஷம், 1985ல, சட்டமன்றம் அதைச் சட்டமா எழுதிச்சு. சாரம் இதுதான்: பொழுதுபோக்குக்குப் பயன்படக்கூடிய ஆத்துல, ஆத்துத் தரை யாருக்குச் சொந்தமா இருந்தாலும் சரி, வழக்கமான உச்ச நீர்மட்டக் கோட்டுக்குள்ள பொதுமக்கள் நடக்கலாம், நிக்கலாம், மீன் பிடிக்கலாம். ஆனா ஆத்தை அடையறதுக்குத் தனியார் நிலத்தைக் குறுக்க மிதிச்சுக்கிட்டு வர உரிமை கிடையாது. பாலத்துக்கிட்டயோ பொதுத் துறையிலயோ இறங்கி, அப்புறம் ஆத்தோடயே நடந்து போங்க. ரெண்டு பக்கமும் பெரிய பண்ணையா இருந்தாலும் உங்களை யாரும் வெளியேத்த முடியாது.

எல்லையைத் தாண்டித் தெற்கே வயோமிங் மாநிலத்துக்குப் போங்க. அதே மாதிரி ஆறு, அதே ட்ரவுட். 1961ல அங்க வந்த தீர்ப்பு வேற மாதிரி. தண்ணி பொதுச் சொத்து, அதனால அது மேல மிதக்கலாம், மிதந்துக்கிட்டே மீனும் பிடிக்கலாம். ஆனா தனியார் நிலத்துக்குள்ள போற ஆத்துல தரை நிலத்துக்காரருக்குச் சொந்தம். ஆழம் இல்லாத இடத்துல படகைத் தள்ளிவிட இறங்கலாமே தவிர, அனுமதி இல்லாம இறங்கி நடந்தா அத்துமீறல். நங்கூரம் போட்டு நிக்கிறதுகூட வம்புதான், ஏன்னா நங்கூரம் தொடுறது அவரோட தரையை. நார்த் பிளாட் ஆத்துல பொது நிலமும் தனியார் நிலமும் மாறி மாறி வரும். அங்க போறவங்க கையில வரைபடம் இல்லாம படகை இறக்க மாட்டாங்க.

இப்ப மேற்கே ஒரிகனுக்கு வாங்க. டிரிஃப்ட் போட் பிறந்த மாநிலம். அங்க டெஷூட்ஸ் ஆத்தோட கீழ்ப்பகுதியில, கொலம்பியா ஆத்துல சேர்ற வரைக்கும் ஏறத்தாழ நூறு மைல், மிதக்கிற எதுல இருந்தும் மீன் பிடிக்கக் கூடாது. படகுல போகலாம், பொருளை ஏத்திக்கிட்டுப் போய் ராத்திரி தங்கலாம். மீன் பிடிக்கணும்னா இறங்கணும். அங்க படகு வெறும் பஸ்தான். இதனால கரையில இருந்து வீச்சு எட்டாத நடு ஆறு, மீனுக்கு ஒரு அடைக்கலமா மிஞ்சுது.

மூணு மாநிலம், மூணு விதி. ஒரு இடத்துல இறங்கலாம். ஒரு இடத்துல இறங்கக் கூடாது. ஒரு இடத்துல இறங்கியே ஆகணும். மீனுக்கு இந்த எல்லைக்கோடு எதுவும் தெரியாது.

நம்ம மேடிசன் இதுல ஒரு அழகான நடுவழி வெச்சிருக்கு. குவேக் லேக்குல இருந்து லயன்ஸ் பாலம் வரைக்கும் படகுல இருந்து மீன் பிடிக்கக் கூடாது. எனிஸ் பாலத்துல இருந்து எனிஸ் ஏரி வரைக்கும் அதே விதி. நடுவுல இருக்கிற நீண்ட பகுதியில படகுல இருந்தே பிடிக்கலாம். ஒரே ஆத்தை ரெண்டு கூட்டத்துக்கும் பிரிச்சுக் கொடுத்திருக்காங்க. படகு, ட்ரெய்லர், வழிகாட்டிக்கு ஒரு நாளைக்குப் பல நூறு டாலர்னு செலவு பண்ண முடியாத ஒருத்தருக்கு, கூட்டம் வந்து மோதாத சில மைல்களை ஒதுக்கி வைக்கிறது சின்ன விஷயம் இல்ல. மேடிசன் மான்டனாவுலயே ரொம்பக் கூட்டம் வர்ற ஆறுகள்ல ஒண்ணு. எத்தனை படகு, யாருக்கு எந்தப் பகுதின்னு அங்க வருஷக்கணக்கா சண்டை நடந்துக்கிட்டுத்தான் இருக்கு.

காலுக்கு அடியில என்ன இருக்கு?

இவ்வளவு நேரம் கேட்டா நான் நடக்கிறவர் கட்சின்னு தோணும். அதனால இதையும் சொல்லிடணும். காலும் அப்பாவி இல்ல.

ட்ரவுட் முட்டையை ஆத்துத் தரையில கூழாங்கல்லுக்கு நடுவுல புதைச்சு வைக்கும். பெண் மீன் வாலால அடிச்சுக் கல்லைச் சுத்தம் பண்ணி ஒரு பள்ளம் தோண்டும். சுத்தி இருக்கிற கல்லு பாசி படிஞ்சு கருப்பா இருக்கும்போது, இந்த இடம் மட்டும் கழுவி விட்ட மாதிரி வெளிச்சமாத் தெரியும். பிரவுன் ட்ரவுட் இலையுதிர் காலத்துலயும், ரெயின்போ ட்ரவுட் வசந்தத்துலயும் முட்டையிடும். பொரிஞ்ச குஞ்சுகளும் சில வாரம் கல்லுக்கு அடியிலயேதான் இருக்கும். 1992ல மான்டனாவுல இருந்து ஒரு ஆய்வு வந்தது. முட்டையில இருந்து குஞ்சு வெளிவர்ற காலம் முழுக்க தினமும் ரெண்டு தடவை ஒருத்தர் மேல நடந்தா, 96 சதவீதம் வரைக்கும் அழிஞ்சுபோகுதுன்னு அது காட்டுச்சு. படகு அதுக்கு மேல சத்தமில்லாம மிதந்து போயிடும். ஆத்தை நேசிக்கிறேன்னு இறங்கி நடக்கிறவர், வெளிச்சமாத் தெரியுற கல்லைப் பார்த்து ஒதுங்கத் தெரியலைன்னா, அடுத்த தலைமுறை மீனை மிதிச்சுட்டுப் போறார்.

இன்னொண்ணு நோய். மேடிசன்ல 1994ல வேர்லிங் டிசீஸ்னு ஒரு நோய் கண்டுபிடிச்சாங்க. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி குட்டி மீனோட குருத்தெலும்பைத் தாக்கும், மீன் தன்னைத்தானே சுத்திச் சுத்தி வரும். ரெயின்போ ட்ரவுட் எண்ணிக்கை அங்க பயங்கரமா விழுந்துச்சு. இந்த மாதிரி ஒட்டுண்ணிகளும் அந்நிய நத்தைகளும் சேத்தோட சேர்ந்து ஷூவுல ஒட்டிக்கிட்டும் போகும், படகுல தேங்கின தண்ணியிலயும் போகும். அதனால ரெண்டு பேருக்கும் ஒரே பாடம்: கழுவு, தண்ணியை வடி, காய வை, அப்புறம் அடுத்த ஆத்துக்குப் போ.

உயிர் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிடுறேன். தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கானா, அது உங்க காலைத் தள்ளுற விசை நாலு மடங்காகும். நேத்து ஈஸியா நடந்த இடம் இன்னைக்கு அடிச்சுட்டுப் போறது இதனாலதான். நடக்கிறவர் வேடர்ஸுக்கு மேல இடுப்பு பெல்ட் கட்டணும், விழுந்தா உள்ள தண்ணி நிறையறதை அது குறைக்கும். கையில ஒரு ஊன்றுகோல் இருக்கணும். காலைத் தூக்கி வைக்காம தரையோட தேய்ச்சு நகரணும். விழுந்துட்டா மல்லாந்து, காலைக் கீழ்நோக்கி நீட்டி மிதந்து போய் மெதுத் தண்ணிக்கு வரணும். வேக ஓட்டத்துல எழுந்து நிக்கப் பார்த்தா கால் பாறை இடுக்குல மாட்டிக்கும், தண்ணி உடம்பை முன்னாடி அமுக்கிடும். படகுக்காரருக்கு எமன் வேற ரூபத்துல வருவான்: ஆத்துல விழுந்து கிடக்கிற மரம். தண்ணி கிளைக்குள்ள புகுந்து போயிடும், படகும் ஆளும் வடிகட்டியில சிக்கின மாதிரி நிப்பாங்க. வேக ஓட்டத்துல நங்கூரம் போடறதும் அதே அளவு ஆபத்து. லைஃப் ஜாக்கெட் படகுல கிடந்தா போதாது, உடம்புல இருக்கணும்.

அப்போ எதை எடுக்கிறது?

சரி, நேயர் கேட்ட கேள்விக்கு நேரடியா வர்றேன்.

முதல்ல தண்ணியைப் பாருங்க. மலையில பனி உருகுற மே, ஜூன் மாசத்துல ஆறு நிரம்பி வேகமா இருக்கும், நடக்கிறதுக்கு லாயக்கில்ல. படகுதான் வழி, அதுவும் அனுபவசாலி கையில. கோடைக் கடைசியில தண்ணி இறங்கி, பாறையெல்லாம் தலை தூக்கும். அப்ப நடக்கிறவர் ராஜா. எவ்வளவு தண்ணி ஓடுதுன்னு அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தோட அளவுமானிகள் இணையத்துல காட்டிக்கிட்டே இருக்கும். அதைப் பார்க்காம வீட்டை விட்டுக் கிளம்பாதீங்க. வெயில் அதிகமானா ரெண்டு பேருமே வீட்டுக்குப் போகணும். தண்ணி 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 23 டிகிரி செல்சியஸை மூணு நாள் தொடர்ந்து தொட்டா, மான்டனாவுல மதியம் ரெண்டு மணியில இருந்து நள்ளிரவு வரைக்கும் மீன்பிடிக்கத் தடை போடுவாங்க. சூடான தண்ணியில பிடிச்ச மீனைத் திரும்ப விட்டாலும் அது பிழைக்கிறது கஷ்டம்.

ரெண்டாவது, ஆத்தோட அளவு. டிரிஃப்ட் போட் பெரிய ஆத்துக்கு மட்டும்தான். நம்ம ஊர் உதாரணமே இருக்கு. பிரிட்டிஷ்காரங்க ட்ரவுட்டைக் கொண்டு வந்து நீலகிரியில விட்டாங்க, அவலாஞ்சியில குஞ்சு பொரிப்பகமும் உண்டு. ஆனா அந்த ஓடைகள்ல படகுக்கு வேலையே கிடையாது, தாண்டிக் குதிச்சிடலாம். மேடிசன்லகூட ரெயின்போவும் பிரவுனும் வெளியில இருந்து கொண்டு வந்து விட்டதுதான். அங்கேயே பிறந்த ட்ரவுட் கட்த்ரோட்.

மூணாவது, நீங்க யாருங்கிறது. முட்டி வலி இருக்கிற அப்பாவோட போறீங்களா? வழுக்குப் பாறையில நடக்க முடியாதவங்க இருக்காங்களா? படகு அவங்களுக்கு ஆத்தைத் திறந்து விடுது. அதை சோம்பேறித்தனம்னு சொல்றவங்க பேச்சைக் கேட்காதீங்க. தனியா, கம்மி பணத்துல, ஒரு ஆத்தை உண்மையிலேயே கத்துக்கணும்னு ஆசையா? ஒரு கிலோமீட்டர் ஆத்தை எடுத்துக்கிட்டு, அதுலயே திரும்பத் திரும்ப நடங்க.

பல பேர் உண்மையில பண்றது ரெண்டும் கலந்த முறை. படகுல போய், நல்ல இடத்துல ஒதுக்கி நிறுத்தி, சட்டம் அனுமதிச்சா இறங்கி நடந்து பிடிக்கிறது. தேடுறது மிதந்துக்கிட்டு, பிடிக்கிறது நின்னுக்கிட்டு. ஒரு சின்ன நடைமுறைச் சிக்கல் உண்டு, படகு திரும்பி மேல வராது. அதனால நீங்க மிதந்துக்கிட்டு இருக்கும்போதே, காசு வாங்கிக்கிட்டு உங்க காரையும் ட்ரெய்லரையும் இறங்கு துறைக்கு ஓட்டிக்கிட்டுப் போய் நிறுத்துற வேலைக்குன்னே ஊர்ல ஆட்கள் இருப்பாங்க. சாவியை எங்க ஒளிச்சு வைக்கணும்ங்கிறதுகூட ஒரு கலைதான்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு காட்சி. நடு ஆத்துல ஒரு படகு வருது. கீழ, கரையில இருந்து பத்தடி உள்ள ஒருத்தர் தொடையளவு தண்ணியில நின்னு, எதிர்ல இருக்கிற பாறையைக் குறிவெச்சு வீசிக்கிட்டிருக்கார். படகுக்காரர் என்ன பண்ணணும்? தூரத்துலயே கையை உயர்த்தி, எந்தப் பக்கம் போகட்டும்னு கேட்கணும். படகுல இருக்கிறவங்க கோலை மடியில வெச்சுக்கணும். முடிஞ்சா அவரோட முதுகுக்குப் பின்னாடி, அவர் பிடிக்காத தண்ணி வழியா, துடுப்பு அடிக்கிற சத்தம் கேட்காம நழுவிப் போகணும். இதை எந்தச் சட்டத்துலயும் தேட வேண்டியதில்ல, நல்ல ஆத்துக்காரங்க எல்லாருக்கும் தெரியும். படகுக்காரருக்கு அடுத்த பத்து மைல் இருக்கு. நிக்கிறவருக்கு அந்தப் பாறை ஒண்ணுதான் இருக்கு.